நூறாண்டு வீட்டில் மூன்று இரவுகள்: செட்டிநாட்டு விருந்தினர் இல்லங்கள் பற்றிச் சில கேள்விகள்

வடபழனி வாசகி

கடந்த தை மாதக் கடைசியில் என் பெற்றோருடன் கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விருந்தினர் இல்லமாக மாற்றப்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். எனக்குப் புரியாமல் போனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இந்த இழையைத் தொடங்குகிறேன் என்பதால் வீட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தெருவிலிருந்து பார்த்தபோது அந்த வீட்டின் நீளம் தெரியவேயில்லை. முகப்பின் படிகளில் ஏறி, கஜலட்சுமி செதுக்கிய நிலைவாசலில் நின்றபோதுதான், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் அமைந்த வாசல்களும் அவற்றின் கடைசியில் அடுத்த தெருவின் வெயிலும் தெரிந்தன. முழங்கால் வலியால் மெதுவாக ஏறி வந்த என் தந்தை அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்தாலும் பிடிக்குள் அடங்காத தேக்குத் தூண் அது. அதிகாலையில் வளவின், அதாவது நடு முற்றத்தின், வானத்திறப்பு வழியாக இறங்கும் வெளிச்சம் முதலில் ஒரு பக்கத்துத் தூண்களை மட்டும் தொட்டுப் பிறகு தரைக்கு வருவதை மூன்று நாளும் எழுந்து பார்த்தேன். அதற்காக மட்டுமே மறுபடியும் போகலாம்.

ஆனால் எங்களுக்குக் கொடுத்த அறை எனக்குக் குழப்பமாகவே இருந்தது. வளவை ஒட்டிய அந்த அறை சிறியது. கதவு மிகக் கனமானது. வெளிப்புறமாகத் திறக்கும் பெரிய சன்னல் எதுவும் இல்லை. இத்தனை பெரிய வீட்டில் படுக்கையறையை ஏன் இப்படிக் கட்டினார்கள்? அதன் ஒரு மூலையைத் தடுத்துப் பிற்காலத்தில் குளியலறை கட்டியிருந்தார்கள். அந்தத் தடுப்பை ஒட்டிய பழைய சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஈரம் ஏறி, பளிங்கு போன்ற வெண்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அங்கே என்ன இருந்தது என்று பணியாளரிடம் கேட்டபோது, சாமான் அறை என்று மட்டும் சொன்னார்.

இந்த வீடுகள் தங்கும் விடுதிகளாவதால் பிழைக்கின்றனவா, அல்லது மெல்ல மெல்ல வேறொன்றாகிவிடுகின்றனவா? அங்கே வளர்ந்தவர்களும் கட்டுமானம் அறிந்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

ஆயாவீட்டுப் பேரன்

சகோதரி, அந்த அறை படுக்கையறையே அன்று. அது தெரிந்துவிட்டால் வீட்டின் மற்றப் பகுதிகளும் விளங்கத் தொடங்கும்.

எங்கள் வழக்கத்தில் மணமான ஒவ்வோர் ஆணும் அவர் குடும்பமும் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். மகனுக்குத் திருமணம் ஆனதும் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு என்று ஒதுக்கப்படும். சிறிது காலத்தில் அந்தத் தம்பதியை 'வேறு வைத்து', தனி அடுப்பும் ஆண்டுச் செலவுக்கான படியும் கொடுத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு அடுப்பு எரிந்த வீடுகள் எங்கள் ஊரில் சாதாரணம். ஆகவே அந்த அறை என்பது ஒரு குடும்பத்தின் பெட்டகம். மனைவி சீராகக் கொண்டுவந்த வெண்கலம், பித்தளை, வெள்ளிச் சாமான்களும் நகைகளும் பத்திரங்களும் அதற்குள் இருக்கும். கதவின் கனத்துக்கும் சன்னல் இல்லாமைக்கும் அதுதான் காரணம். கணவனும் மனைவியும் அதைப் பயன்படுத்தினார்கள் என்றாலும், மற்ற எல்லோரும் உறங்கியது வளவைச் சுற்றிய தாழ்வாரப் பத்தியிலும் பட்டாசாலைக் கூடத்திலும் பாய் விரித்துத்தான். நான் சிறுவனாக என் ஆயா (பாட்டி) வீட்டில் கோடை விடுமுறை முழுவதும் அப்படித்தான் தூங்கியிருக்கிறேன். சித்திரை மாதத்திலும் அந்தத் தரை குளிர்ந்தே இருக்கும்.

இரண்டாவது செய்தி, இந்த வீடுகள் அன்றாடக் குடியிருப்புக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. ஆண்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொழும்பிலும் பெட்டியடிகளில் (கடன் கொடுக்கும் கடைகளில்) உட்கார்ந்து வட்டித் தொழில் செய்தார்கள். பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். ஊரில் வீடு எழுந்தது திருமணத்துக்கும், அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும். முகப்பு வந்தவரை வரவேற்கவும் ஆண்கள் கணக்குப் பேசவும், வளவு சடங்குக்கு, இரண்டாம் கட்டு பந்திக்கு, மூன்றாம் கட்டு பெண்களுக்கும் அடுப்படிக்கும் என்று வரிசையாகப் பிரித்திருந்தார்கள். ஆயிரம் பேர் வந்து உண்டு போகும் ஐந்து நாளுக்காக ஒரு வீட்டைக் கட்டி, மீதி நாள்களில் நான்கைந்து பெண்கள் அதைக் கூட்டிப் பெருக்கிக் காத்திருந்தார்கள் என்பதே உண்மை. பூட்டியிருந்த மூன்றாம் கட்டைச் சாமான் அறை என்று பணியாளர் சொன்னது எனக்கு வருத்தம் தருகிறது. என் ஆயாவின் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

பணம் வந்த வழி அடைபட்டதும் வீடு பாரமானது. 1930இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 விழுக்காடானது என்றால், ரொக்கமாக இருந்த முதல் முழுவதும் எடுத்துவர முடியாத மண்ணாகிவிட்டது என்று பொருள். 1937இல் பர்மா தனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலைக்குப் பின் நிலம் நாட்டுடைமையானது. தேக்கு வந்த நாட்டிலிருந்து பின்னர் ஒரு காசும் வரவில்லை. நீங்கள் தங்கியது போன்ற வீடுகள் பெரும்பாலும் 1850களுக்கும் 1940களுக்கும் இடையே எழுந்தவை. அவற்றைப் பழுதுபார்க்கும் வருமானம் அதே தலைமுறையில் நின்றுபோனது.

கட்டுமானப் பொறியாளர், புதுக்கோட்டை

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வீடுகளின் பழுது வேலைகளில் இருக்கிறேன். அந்த ஈரச் சுவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இன்று இந்த வீடுகளை அழிப்பதில் அதற்கே முதலிடம்.

செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்குகள் கொண்டது. அடியில் சுண்ணாம்பும் மணலும் கலந்த பரும்பூச்சு; கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்ல நீரும் சேரும். மேலே போகப் போகச் சுண்ணாம்பை நைசாக அரைத்து, கடைசி அடுக்கில் வெள்ளைக்கல் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறாண்டுக்குப் பிறகும் அதில் முகம் தெரிவதற்கு அந்த உழைப்பே காரணம். இந்தச் சுவருக்கு வண்ணம் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர்: உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

பழைய வீட்டில் தண்ணீர் புழங்கிய இடங்கள் எல்லாம் கடைசிக் கட்டிலும் கிணற்றடியிலும் இருந்தன. கழிப்பிடம் வீட்டுக்குள் இருந்ததே இல்லை. வளவில் விழும் மழைநீர்கூடத் தரையின் சரிவால் உடனே வெளியேறி கிணற்றுக்கும் ஊருணிக்கும் போய்விடும்படி அமைத்திருந்தார்கள். அறையோடு இணைந்த குளியலறை வேண்டும் என்று இன்றைய விருந்தினர் கேட்பது நியாயமே. அதை வளவு அறையின் மூலையில் பழைய சுவரை வெட்டிக் குழாய் பதித்துக் கட்டுவதில்தான் கேடு. குழாய் கசிகிறது, சுவர் ஈரத்தைக் குடிக்கிறது, வெளியே தெரியும் கறையை மறைக்கச் சிமெண்டு பூசுகிறார்கள், ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது, உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. நீங்கள் பார்த்தது இந்தத் தொடரின் கடைசிக் கட்டம் என்றே நினைக்கிறேன். சுண்ணாம்பில் வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிதாகிவிட்டதும், கிடைத்தாலும் பூச்சு உலர அவர் கேட்கும் மாதங்களை விடுதி நடத்துபவர் கொடுக்க விரும்பாததும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

நன்றாகச் செய்த வீடுகளும் உண்டு. அவற்றில் பழைய சுவரிலிருந்து ஒரு கை அகலம் விலக்கித் தனித் தடுப்பாகக் குளியலறையை நிறுத்தி, குழாய்கள் எல்லாம் அந்தத் தடுப்புக்குள்ளேயே போகும்படி செய்திருப்பார்கள். அல்லது பின்கட்டுக்கு வெளியே புதிய கட்டடம் எழுப்பியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது ஆத்தங்குடி ஓடு பதித்த தரையையும் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுத்த கைவேலை அது, சூளையில் சுடப்படுவதில்லை. தினமும் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் நடக்க நடக்கப் பளபளக்கும். அமிலம் கலந்த தரைக் கழுவியை ஊற்றினால் வண்ணம் போய்விடும். போன வண்ணம் திரும்பாது.

நெடுவழிப் பயணி

தங்க விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சில செய்திகள். எல்லா இடமும் ஒரே வகை அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். காரைக்குடி பங்களா, பெயர் சொல்வது போலவே, ஒரு குடும்பம் நண்பர்களோடு கூடிப் பழகக் கட்டிய பங்களாவிலிருந்து வளர்ந்தது. அங்கே வளவைத் தேடக் கூடாது, இலை போட்டுப் பரிமாறும் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டும். கானாடுகாத்தானில் உள்ள விசாலம் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய பிற்கால வீடு. அதன் வளைவுகளிலும் மாடியிலும் 1930களின் ஆர்ட் டெக்கோ பாணி தெரியும். திருமயத்துக்கு அருகே கடியாபட்டியில் உள்ள சிதம்பர விலாஸ் கட்டுக் கட்டாக நீளும் பழைய முறை வீடு. கொத்தமங்கலத்தில் உள்ள சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்தார்கள். இந்தப் பகுதியின் கட்டடங்களை ஆவணப்படுத்தும் பணியிலும் அவர்கள் உழைத்தார்கள். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு ரயில் இரவு காரைக்குடியில் இறக்கிவிடும். மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களே வசதியானவை. முதியவர்களுடன் போகிறவர்கள் படிகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மழைநீர் ஏறாதிருக்க இந்த வீடுகளின் அடித்தளத்தை உயர்த்தியே கட்டியிருக்கிறார்கள், கட்டுக்குக் கட்டு வாசற்படியும் உயரம்.

பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெண்

நான் நகரத்தார் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லள். என் அம்மா முப்பது ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அடுப்படியில் வேலை செய்தார். இப்போது என் தம்பி மனைவி ஒரு விருந்தினர் இல்லத்தில் சமைக்கிறாள். மேலே எழுதிய பெரியவர்கள் வீட்டைப் பற்றி அழகாகச் சொன்னார்கள், ஆனால் அந்த வீட்டைத் துடைத்தவர்கள், மாவு இடித்தவர்கள், பந்திக்கு நீர் சுமந்தவர்கள் யாருமே இதுவரை இந்த இழையில் வரவில்லை. மூன்றாம் கட்டில் ஆச்சிமார்களோடு எங்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

விருந்தினர் இல்லங்கள் வந்தது எங்களுக்கு நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே சொல்வேன். வீடுகள் பூட்டிக் கிடந்தபோது எங்கள் தெருவில் வேலை இல்லை. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். இப்போது சமையல், தோட்டம், துணி வெளுப்பு, மிதிவண்டி வாடகை என்று பத்துப் பேருக்காவது ஊரிலேயே பிழைப்பு இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வருபவர்கள் காலையில் காரில் ஏறி ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று போய்விட்டு இரவில் திரும்புகிறார்கள். அந்தக் கடைகளில் விற்கும் தூணும் நிலைக்கதவும் எங்கிருந்து வந்தவை என்று யோசித்துப் பாருங்கள்: எங்கள் ஊரில் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்துதான். ஒரு வீட்டில் தங்கி மகிழ்ந்துவிட்டு, அதன் பக்கத்து வீட்டின் கதவை வாங்கிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நகரத்து ஓட்டல்களில் செட்டிநாடு என்றால் கண்ணில் நீர் வரும் காரம் என்று ஆகிவிட்டது. விருந்தினர்களும் அதையே எதிர்பார்ப்பதால் என் தம்பி மனைவியிடம் மிளகாயைக் கூட்டச் சொல்கிறார்கள். என் அம்மா அந்த அடுப்படியில் கற்றது அப்படியல்ல. இளங்குழம்பும் மண்டியும் தண்ணிக்குழம்பும் காரத்துக்குப் பெயர் போனவை அல்ல. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்த பழக்கம், அதை இனிப்பாகச் செய்வார்கள். வெள்ளைப் பணியாரம் ஓரம் முறுகாமல் வெள்ளையாகவே உப்ப வேண்டும். அதற்குப் பச்சரிசியும் உளுந்தும் அளக்கும் அளவில் உளுந்து சிறிது கூடினாலும் கெட்டுவிடும் என்று அம்மா சொல்வார். தங்கப் போகிறவர்கள் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் சமைப்பவர் மறக்காமல் இருப்பார்.

ஆயாவீட்டுப் பேரன்

அம்மா, நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. நான் முன்பே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

பழம்பொருள் கடைக்குத் தூண் போவது எப்படி என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டுக்கு இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரந்திருக்கிறார்கள். கூரை ஓடு மாற்ற ஒருவர் பணம் போட்டால் அது மற்றவர் பங்குக்கும் சேர்ந்துவிடுகிறது என்பதால் யாரும் முன்வருவதில்லை. ஓடு நழுவினால் மழை மரத்தில் இறங்கும். நான்கு மழைக்காலத்தில் உத்திரம் உளுத்துவிடும். பிறகு யாராவது ஒரு வியாபாரி வந்து, மரத்துக்கு மட்டும் விலை பேசுவார். நாற்பது பங்காக்கினால் ஆளுக்குச் சிறு தொகை, ஆனாலும் தகராறு தீர்ந்தது என்று கையெழுத்திடுகிறார்கள். என் கண்முன்னால் எங்கள் தெருவில் மூன்று வீடுகள் இப்படிப் போயின.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டை நீண்ட குத்தகைக்குக் கேட்டு விடுதி நடத்துபவர் ஒருவர் வந்தார். பங்காளிகளில் பாதிப் பேர் சம்மதித்தார்கள். மீதிப் பேரின் தயக்கம் படைப்பைப் பற்றியது. ஆண்டுக்கொரு முறை முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கும் நாளில், உறவினர் அனைவரும் அந்த வளவில் உட்கார வேண்டும். அன்று அங்கே அந்நியர் உணவருந்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று என் பெரியம்மா கேட்டார். அவருக்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லாமல் போயிற்று. பொறியாளர் ஐயாவைக் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் எவற்றையெல்லாம் எழுதிக்கொண்டால் வீடும் பிழைத்து, படைப்பும் நடக்கும்?

கட்டுமானப் பொறியாளர், புதுக்கோட்டை

சட்ட நுணுக்கங்களை வழக்கறிஞரிடம் கேளுங்கள். கட்டடத்தின் பக்கத்திலிருந்து நான் வற்புறுத்துபவை சில உண்டு. கையெழுத்துக்கு முன்பே வீடு முழுவதையும் அறை அறையாகப் படம் எடுத்து, கதவு, தூண், கண்ணாடி, தரை என்று கணக்கெழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பழைய சுவரில் சிமெண்டு படக்கூடாது என்பதையும், குழாய் பதிக்க எந்தச் சுவரையும் வெட்டக்கூடாது என்பதையும் தனி விதியாக எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு பிரித்து அடுக்கும் செலவு யாருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும். நான் பார்த்த தகராறுகளில் பாதி அங்கேதான் தொடங்கின. வாடகையில் ஒரு பகுதி பங்காளிகளின் கைக்குப் போகாமல் கூரைக் கணக்கில் சேரும்படி செய்தால், குத்தகை முடிந்த பிறகும் வீட்டுக்கென்று கொஞ்சம் பணம் இருக்கும்.

படைப்பு நாளைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆண்டில் பத்து நாள் வீடு முழுவதும் தங்களுக்கே என்று எழுதிக்கொண்டது. அந்த நாள்களுக்கு விடுதி முன்பதிவே எடுப்பதில்லை. சாமி அறையின் சாவியும் குடும்பத்திடமே இருக்கிறது. உங்கள் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பூட்டி வைப்பதைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாள்தோறும் கதவு திறந்து, காற்று போய், யாராவது ஒருவர் மேலே அண்ணாந்து பார்க்கிற வீட்டில் கசிவு முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

வடபழனி வாசகி

எல்லோருக்கும் நன்றி. நான் தங்கிய வீட்டின் மேலாளருக்கு அந்த ஈரச் சுவரின் படங்களையும் பொறியாளர் ஐயா சொன்னவற்றையும் எழுதி அனுப்பினேன். குழாயைப் பார்க்கச் சொல்லியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மூன்றாம் கட்டைத் திறந்து காட்டும்படியும் கேட்டிருக்கிறேன்.

வரும் பொங்கலுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வர எண்ணியிருக்கிறோம். பொங்கலன்று நகரத்தார் வீடுகளில் நடுவீட்டுக் கோலம் போடுவார்கள் என்று படித்திருக்கிறேன். விடுதியில் அதை யாரும் போடுவதில்லை என்றார்கள். வெளியார் அதைப் பார்க்க வாய்ப்பு உண்டா?

ஆயாவீட்டுப் பேரன்

எங்கள் வீட்டை ஆண்டில் பொங்கலுக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிறோம். பெரியம்மாதான் கோலம் போடுவார். இப்போது குனிந்து போட முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடி என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அரிசி மாவை நீரில் கரைத்து விடியலுக்கு முன்னால் தொடங்குவார்கள். உங்கள் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். தனிமடலில் ஊரும் தெருவும் எழுதுகிறேன். அப்பாவுக்கு முகப்புப் படி ஏறச் சிரமமாக இருந்தால், பின்தெரு வாசலில் படிகள் குறைவு.